‘தானே’ போட்டுக் கேட்டால் அது கேள்வி அல்ல

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாகி ஒன்றரை வருடம் ஆகிறது. தினமும் இரவு அரை மணி நேரம் அன்றைக்கு நடந்ததை நினைத்துப் பார்க்கிறீர்கள், டைரி எழுதுகிறீர்கள், காலையில் தியானமும் உண்டு. ஆனால் வேலையை விட்டுப் போன ஒரு பெண் கடைசி நாளில், “உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்றதே கஷ்டம்” என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் மனைவியும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார். உங்களுக்கோ நீங்கள் அப்படிப்பட்டவர் என்று தோன்றவே இல்லை. இவ்வளவு யோசித்தும் என்னை எனக்கே தெரியாமல் போனது எப்படி, இனி மாறுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனிகளில் 22 வருடம் வேலை பார்த்தவன். மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைப் பின்தொடர்ந்து கவனிக்கிறவனாகச் சேர்ந்து புரொடக்‌ஷன் மேனேஜர் ஆனேன். பத்து வருடம் முன்னால் உங்கள் கேள்விதான் என் கேள்வி. அதனால் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்திருக்கிறேன்.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இரவில் உட்கார்ந்து யோசிப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் அங்கே கிடைக்காது. தேடுகிற இடம் வேறு.

1977-ல் ரிச்சர்ட் நிஸ்பெட், டிமோத்தி வில்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் வரும் ஒரு சோதனை எங்கள் தொழிலோடு சம்பந்தப்பட்டது என்பதால் மறக்கவே மாட்டேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம், ஆன் ஆர்பர் ஊருக்கு வெளியே ஒரு கடை. மேசைமேல் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கடைக்கு வந்தவர்களிடம் கேட்டார்கள். நான்கும் ஒரே சரக்கு, ஒரு வித்தியாசமும் கிடையாது. இடது ஓரத்தில் இருந்ததை 12 சதவீதம் பேர் எடுத்தார்கள். வலது ஓரத்தில் இருந்ததை 40 சதவீதம் பேர் எடுத்தார்கள். ஏன் இதை எடுத்தீர்கள் என்றால் பின்னல் நன்றாக இருக்கிறது, மெல்லிசாக இருக்கிறது, இழுவை நன்றாக இருக்கிறது என்று காரணம் வந்தது. ‘வைத்திருந்த இடம் காரணமாக இருக்குமோ?’ என்று கேட்டதற்கு, அநேகமாக எல்லோருமே இல்லை என்றார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. எதனால் அப்படிச் செய்தோம் என்பது நமக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. யாராவது கேட்டால், கேட்ட மாத்திரத்தில் மனசு ஒரு பொருத்தமான காரணத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறது. அது எடுத்துக் கொடுத்தது என்றே தெரியாமல் அதை நம்புகிறோம். உங்கள் டைரியை எடுத்துப் பாருங்கள். ‘இன்று அவனிடம் ஏன் கோபப்பட்டேன்? அவன் பொறுப்பில்லாமல் நடந்ததால்’ என்பது போன்ற வரிகள் நிறைய இருக்கும். அதெல்லாம் நான்கு காலுறைகளில் ஒன்றைக் காட்டிப் பின்னல் நன்றாக இருக்கிறது என்று சொல்வது போலத்தான். எழுதியவர் நேர்மையானவர், எழுதியது உண்மையா என்பது வேறு விஷயம்.

என் கதைக்கு வருகிறேன். நேவி ப்ளூ போலோ டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று. பாடித் துணி ஒரு லாட்டில், அதாவது சேர்த்துச் சாயம் போடும் ஒரு தொகுதியில் சாயம் ஏறி வந்தது, காலர் வேறு லாட். செக்கிங் டேபிள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தால் காலர் லேசாகச் சிவப்பு அடிக்கும். பேக்கிங் முடிந்து அட்டைப்பெட்டிகள் சுவரோரம் அடுக்கிய பிறகு பையரின் ஆள் வந்து இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தார், ஷேடு வேரியேஷன் என்று ஃபெயில் போட்டார். தூத்துக்குடிக்கு லாரி ஏற இரண்டு நாள்தான் இருந்தது.

செக்கிங்கில் ஒரு அக்கா இருந்தார். எங்கள் கம்பெனியிலேயே கண் கூர்மையான ஆள். அவரிடம் போய், “இத்தனை வருஷம் பார்க்கறீங்க, இது உங்க கண்ணுல படலையா?” என்று கத்தினேன். கையில் இருந்த நூல்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்: “முதல் நாளே பட்டுதுங் சார். நீங்க டேபிளுக்கு வந்து ‘எல்லாம் ஓகே தானேக்கா?’ன்னு கேட்டீங்க. ஓகேங்கன்னு சொன்னேன். தெனமும் அப்படித்தான கேக்கறீங்க.”

அப்போதைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. நான் தினமும் ஒவ்வொரு டேபிளுக்கும் போய்க் கேட்கிற மேனேஜர். வேறு எவன் அப்படிக் கேட்கிறான் என்பது என் பெருமை. இரவு வீட்டில் யோசித்தாலும் அதே பதில்தான் வந்தது: நான் கேட்டேன், அவர்தான் சொல்லவில்லை. அந்த இரவு நூறு தடவை யோசித்திருந்தாலும் ‘தானே’ என்ற சொல் என் கண்ணில் பட்டிருக்காது. என் மனசில் பதிந்திருந்தது நான் கேட்டேன் என்பது. அவர் காதில் விழுந்தது நான் கேட்ட விதம்.

சில நாள் கழித்துத்தான் புரிந்தது. தமிழில் ‘தானே’, ‘இல்லையே’, ‘அல்லவா’ எல்லாம் போட்டுக் கேட்டால் பதிலை நாமே சொல்லி முடித்துவிட்டோம் என்று அர்த்தம். எதிரில் இருப்பவர் செய்யக்கூடியது இரண்டுதான்: ஆமாம் என்று தலையாட்டலாம், இல்லை நம்மை மறுக்கலாம். சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவர் மேனேஜரை எதற்கு மறுக்க வேண்டும்? உங்கள் மீட்டிங்கில் ‘யாருக்கும் டவுட் இல்லையே?’ என்று முடிக்கிறீர்களா என்று கவனியுங்கள். ‘வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடலாம் தானே?’ என்று கேட்கிறீர்களா என்று பாருங்கள். நான் அடித்துச் சொல்வேன், இரண்டில் ஒன்று கண்டிப்பாக இருக்கும்.

1955-ல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற இருவர் ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். ஜோஹரி ஜன்னல் என்று பெயர். இந்திப் பெயர் போல ஒலித்தாலும் அவர்களுடைய ஜோ, ஹாரி என்ற செல்லப் பெயர்களைச் சேர்த்து வைத்ததுதான். ஜன்னலில் நான்கு கண்ணாடி. எனக்கும் தெரியும், பிறருக்கும் தெரியும் என்பது ஒன்று. எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்று. யாருக்குமே தெரியாதது ஒன்று. மிச்சம் இருப்பதுதான் உங்கள் விஷயம்: பிறருக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாது. அந்தக் கண்ணாடியை உள்ளே இருந்து துடைக்க வழியே இல்லை, வெளியே நிற்பவர்தான் துடைக்க வேண்டும்.

எதற்கெடுத்தாலும் பிறர் சொல்வதுதான் சரி என்றும் நினைத்துவிடாதீர்கள். சிமீன் வஸீர் என்ற உளவியலாளர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் இதை அழகாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். உள்ளுக்குள் ஓடும் பதட்டம், கவலை போன்றவற்றை நாம் நம்மைப் பற்றிச் சொல்வதுதான் அதிகம் பொருந்துகிறது. அறிவு, புதிதாக யோசிக்கும் திறமை போல, நல்லது கெட்டது என்று மதிப்புப் போடுகிற குணங்களில் நண்பர்கள் சொல்வது நம்மைவிடச் சரியாக இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் நமக்கு நம்மீது இருக்கும் ஆசை குறுக்கே வந்துவிடுகிறது. நீங்கள் அன்றைக்கு எவ்வளவு பயந்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் காதுகொடுத்துக் கேட்கிறவரா என்பதை உங்களிடம் பேசுகிறவர்தான் சொல்ல முடியும். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர், ஒருவர் ஆபீஸில் ஒருவர் வீட்டில், ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆதாரம் தேடி இன்னும் ஒரு மாதம் வீணாக்க வேண்டாம்.

அந்தப் பெண் ஏன் கடைசி நாளில் சொன்னார் என்று நினைத்துப் பாருங்கள். அன்றைக்குத்தான் அவருடைய இன்கிரிமெண்ட் உங்கள் கையில் இல்லை. இன்னும் உங்களிடம் வேலை பார்க்கிறவர்களிடம் போய் ‘என்கிட்ட என்ன குறை, தயங்காம சொல்லுங்க’ என்று கேட்டால், நல்லதாக நான்கு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார்கள். கேள்வியைச் சின்னதாக்குங்கள். இடம், நாள், வார்த்தை எல்லாம் அதில் இருக்கட்டும். ‘போன திங்கட்கிழமை மீட்டிங்குல நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க, நான் எந்த இடத்துல குறுக்கே பேசினேன்?’ இதற்குப் பதில் சொல்வது சுலபம், ஏனென்றால் கேட்பவரே பாதியை ஒத்துக்கொண்டுவிட்டார். என் விஷயத்தில் ‘ஓகே தானே?’ போய், ‘இன்னைக்கு எந்தப் பீஸ் சந்தேகமா இருக்கு, எடுத்துக் காட்டுங்க’ என்று ஆனது. முதல் வாரம் யாரும் எதையும் காட்டவில்லை. இரண்டாவது வாரம் அதே அக்கா ஒரு பீஸைத் தனியே எடுத்து வைத்திருந்தார். கீழ் விளிம்பு மடிப்பில் தையல் விட்டிருந்தது. சின்ன விஷயம்தான், ஆனாலும் வாங்கிப் பார்த்து, லைனை நிறுத்தச் சொல்லி, அவர் எதிரிலேயே டெய்லரிடம் மிஷினைச் சரி பார்க்க வைத்தேன். அதற்கப்புறம் அந்தப் பக்கத்தில் இருந்து பீஸ் வருவது நிற்கவே இல்லை.

இதில் கஷ்டமான இடம் ஒன்று உண்டு. ஒருவர் சொன்னதும் விளக்கம் கொடுக்க வாய் துடிக்கும். ‘அன்னைக்கு கிளையண்ட் கால் இருந்தது, அதனாலதான்…’ என்று வரும். அது நிஜமாகவே இருந்தாலும் சொல்லாதீர்கள். ‘சரி, எழுதிக்கறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். மனதைத் திறந்து ஒன்றைச் சொல்லி, பதிலுக்கு விளக்கம் வாங்கிக்கொண்ட ஆள் இரண்டாவது தடவை உங்களிடம் வரமாட்டார். நான் இப்படி இழந்த நல்ல சூப்பர்வைசர்கள் உண்டு, இன்றைக்கு நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

ஆள் சொல்வது ஒரு வழி. இன்னொன்று, நாம் எழுதி வைத்த கணக்கு. நிர்வாகம் பற்றி நிறைய எழுதிய பீட்டர் டிரக்கர் மேனேஜர்களுக்குச் சொன்ன யோசனை எளிமையானது. முக்கியமான முடிவு எடுக்கும்போது என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதி வையுங்கள், 9 அல்லது 12 மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார். அவ்வளவு காலம் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை, ஆர்டர் வாரியாகச் செய்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று. ஒவ்வொரு ஆர்டருக்கும் நிட்டிங், டையிங், கட்டிங், தையல், பேக்கிங் எத்தனை நாள் ஆகும் என்று நான் சொன்னது இடப்பக்கம், ஆனது வலப்பக்கம்.

நாள் கணக்கில் எல்லோரும் தப்பு செய்கிறோம் என்பது ஆராய்ச்சியிலேயே இருக்கிறது. கனடாவில் ரோஜர் பியூலரும் மற்றவர்களும் 1994-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் என்றதற்கு 49 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். தன்னைப் பற்றிய மோசமான கணிப்பைக்கூட நாம் நமக்குச் சாதகமாகத்தான் போடுகிறோம். அதனால் என் நோட்டிலும் எல்லா வரியும் தவறும் என்று எதிர்பார்த்தேன்.

அப்படி இல்லை. தையலுக்கு நான் சொன்ன நாள் பெரும்பாலும் சரியாக இருந்தது, கட்டிங்கும் சரி. ஆர்டருக்கு ஆர்டர் டையிங் மட்டும் மூன்று நாள், நான்கு நாள் தள்ளிப் போயிருந்தது. சாயப்பட்டறை என்றாலே தாமதம்தான் என்று விட்டிருப்பேன், ஆனால் இரண்டு பட்டறைகளில் ஒன்றுக்குத்தான் அப்படி. அதை நடத்தியவர் என்னோடு பள்ளியில் படித்த நண்பர். அவரிடம் நான் தேதியை அழுத்திக் கேட்டதே இல்லை, ‘பார்த்து அனுப்பு மாப்பிள்ளை’ என்று போனை வைத்திருக்கிறேன். அந்த நான்கு நாளைப் பிடிக்க டெய்லர்களை ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கச் சொல்லிக் கத்தியிருக்கிறேன். எல்லோரிடமும் கறாரானவன் என்று என்னைப் பற்றி நான் நினைத்திருந்தேன். நண்பனிடம் கேட்கக் கூச்சப்பட்டு, என்னை எதிர்த்துக் கேட்க முடியாதவர்கள் தலையில் அந்தச் சுமையைப் போட்டிருக்கிறேன் என்பதை நோட்டுதான் காட்டியது. அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. வெறும் தேதிகள்தான், ஆனால் மறுத்துப் பேச அதில் இடமே இல்லை.

நீங்களும் டைரியை நிறுத்த வேண்டாம். எழுதுவதை மட்டும் மாற்றுங்கள். ‘ஏன்’ என்று தொடங்கும் வரிகளை விட்டுவிட்டு எப்போது, எங்கே, யாரிடம், என்ன வார்த்தை சொன்னேன், அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதுங்கள். ஐந்து நிமிடம் போதும். அரை மணி நேரம் தன்னைத் தானே குடைந்துகொண்டிருப்பதில் ஆபத்தும் இருக்கிறது. 1989 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர், ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் மனச்சோர்வு வந்தால் என்ன செய்வார்கள் என்று தற்செயலாகக் கேட்டுப் பதிவு செய்திருந்தார். நிலநடுக்கத்துக்குப் பிறகு திரும்பவும் பார்த்தார். எனக்கு ஏன் இப்படி ஆகிறது என்று அதையே திரும்பத் திரும்ப நினைக்கும் பழக்கம் முன்பே இருந்தவர்களிடம்தான், ஏழு வாரம் கழித்தும் சோர்வு அதிகமாக இருந்தது. நடந்ததை ஒருமுறை தெளிவாகப் பார்ப்பது வேறு, அதையே போட்டு மெல்லுவது வேறு. இரவு படுக்கும் நேரத்தில் இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

தியானத்தால் எனக்குத் தெரிந்து ஒரு பெரிய பயன் உண்டு. உடம்பில் நடப்பது கொஞ்சம் முன்கூட்டியே தெரிய ஆரம்பிக்கும். எனக்குக் குரல் ஏறுவதற்கு முன்னால் வலது கை பேனா மூடியைத் திறந்து திறந்து மூடும். இதை என் மகள்தான் சொன்னாள், பத்தாவது படிக்கும்போது. “அப்பா, டிக் டிக்னு கேட்டாலே நான் ரூமுக்குப் போயிடுவேன்” என்றாள். இப்போது அந்தச் சத்தம் எனக்கும் கேட்கிறது. கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பேன். உங்களுக்கும் அப்படி ஏதாவது இருக்கும். மனைவியிடம் கேளுங்கள், அவருக்கு நிச்சயம் தெரியும்.

எத்தனை நாளில் மாறும் என்றும் கேட்டிருந்தீர்கள். 21 நாள் என்று எல்லோரும் சொல்வார்கள், அதை நம்பி 22-வது நாள் மனம் உடைந்துவிடாதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடன் இருந்தவர்களும் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், 96 பேர் ஆளுக்கு ஒரு சின்னப் பழக்கத்தைத் தொடங்கினார்கள். அது தானாக வருவதற்கு நடுவாக 66 நாள் ஆகும் என்று தெரிந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளில் இருந்து 254 நாள் வரை வித்தியாசம். ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அதனால் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நல்ல தலைவன் ஆக வேண்டும்’ என்பது வேண்டாம். ‘மீட்டிங் முடியும்போது தானே, இல்லையே போடாமல் ஒரு கேள்வி’ என்பது போதும்.

வீட்டு விஷயத்தையும் சொல்லி விடுகிறேன், ஏனென்றால் ஆபீஸில் பழகியது வீட்டுக்குத் தானாக வந்துவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், வரவில்லை. டேபிள் டேபிளாகச் சரியாகக் கேட்கக் கற்றுக்கொண்ட பிறகும், தாராபுரம் பக்கம் கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்குத் தினமும் போன் செய்து, “உடம்பு நல்லாத்தானே இருக்குது?” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். “எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு” என்பார். தங்கை ஊருக்குப் போய்விட்டு வந்து சொன்னாள், அம்மாவால் திண்ணைப் படி இறங்க முடியவில்லை, பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார், ஆறு மாதமாக அப்படித்தான் என்று. ஆறு மாதமும் நான் தினமும் பேசியிருக்கிறேன்.

அன்று ராத்திரி போன் செய்தேன். வழக்கம்போல வாயில் வந்ததை நிறுத்திவிட்டு, “இன்னைக்கு எதுவரைக்கும் நடந்தீங்கம்மா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “கட்டுத்தரை வரைக்கும் போலாம்னு பார்த்தேன் கண்ணு, பாதியிலேயே உக்காந்துட்டேன். முழங்கால் நெருப்பா எரியுது” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போய், அம்மாவைத் திருப்பூருக்கு அழைத்து வந்து டாக்டரிடம் காட்டினேன்.